குறைமாதக் குழந்தையின் மூளை: கருவிகள் சொல்வது எது, சொல்லாதது எது?

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். மருத்துவக் கணக்கு இதற்கு நேர்மாறானது. கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 30 வாரத்தில் பிறந்த குழந்தையைவிட 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரலும் தேறியிருக்கும், மூளையும் தேறியிருக்கும். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் 28 வாரத்தில், ஒரு கிலோ எடையில் பிறக்கும் குழந்தைகளும் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. அதனால் பெற்றோரின் கவலையும் மாறியிருக்கிறது. 'பிழைக்குமா?' என்ற கேள்வியைத் தாண்டியதும் அடுத்து வருவது 'மூளை வளர்ச்சி சரியாக இருக்குமா?' என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு ஒரே கருவியால் விடை சொல்ல முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையின் தலையில் ஒட்டப்படும் வயர்கள், நெற்றியில் சிவப்பு ஒளியோடு இருக்கும் பட்டை, உச்சியில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன், பின்னாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைப் பார்க்கிறது. எது எதைக் காட்டுகிறது, எதை வைத்துப் பயப்பட வேண்டும், எதை வைத்துப் பயப்பட வேண்டாம் என்பது தெரிந்தால் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

யார் குறைமாதக் குழந்தை?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் எல்லாமே குறைமாதக் குழந்தைகள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகம் முழுவதும் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதாவது பத்துக்கு ஒன்று. அவற்றில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எண்ணிக்கையில் நம் நாடுதான் முதலிடம்.

ஆனால், எல்லாக் குறைமாதமும் ஒன்றல்ல. பெரும்பாலான குழந்தைகள் 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பவை. அவற்றுக்குக் கடுமையான மூளைப் பாதிப்பு வருவது குறைவு. 28 முதல் 32 வாரத்துக்குள் பிறப்பவை கூடுதல் கவனம் தேவைப்படுபவை. 28 வாரத்துக்கும் முன்பே பிறந்துவிடும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான பரிசோதனைகள் 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கானவை.

மூளை எந்த நிலையில் வெளியே வருகிறது?

24 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழவென்று இருக்கும். படங்களில் நாம் பார்க்கும் மடிப்புகளும் பள்ளங்களும் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக உருவாகின்றன. 34 வாரத்தில்கூட மூளையின் எடை, நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் சுமார் 65 சதவீதம்தான். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி, கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் நடக்கிறது. குழந்தை முன்னதாகப் பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி இன்குபேட்டரில், மருத்துவமனையின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஊசிகளுக்கும் நடுவே நடந்தாக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் மூளைக்கு இரண்டு முக்கியமான ஆபத்துகள் உண்டு.

முதலாவது, ரத்தக்கசிவு. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் ஓரமாகப் புதிய மூளை செல்கள் உற்பத்தியாகும் ஒரு பகுதி உண்டு. அங்குள்ள ரத்தக்குழாய்களின் சுவர் மிக மெல்லியது. சுமார் 34 வாரத்துக்குள் அந்தப் பகுதி தானாகவே சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன் பிறக்கும் குழந்தைக்கு ரத்த அழுத்தமோ, ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவின் அளவோ திடீரென ஏறி இறங்கினால் அந்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசியும். பெரியவர்களின் மூளை, ரத்த அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் தனக்கு வரும் ரத்தத்தின் அளவை ஓரளவு ஒரே சீராக வைத்துக்கொள்ளும். குறைமாத மூளைக்கு அந்தத் திறன் இன்னும் முழுமையாக வந்திருக்காது. கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் நேர்கின்றன.

இரண்டாவது, வெண்பொருள் பாதிப்பு. மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கும், மூளையிலிருந்து கை கால்களுக்கும் செய்தி கடத்தும் நரம்பு இழைகள் செல்லும் பகுதிதான் வெண்பொருள். அந்த இழைகளைச் சுற்றி மைலின் என்ற கொழுப்பு உறையை உருவாக்க வேண்டிய இளம் செல்கள், ஆக்சிஜன் குறைவையும் நோய்த்தொற்றையும் தாங்கிக்கொள்ளும் திறன் இல்லாதவை. அவை அழிந்தால் அந்த இடத்தில் சிறு நீர்க்கட்டிகள் தோன்றலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் வளர்ச்சி மட்டும் குன்றலாம். கால்களை இயக்கும் இழைகள் மூளையின் நீர் அறைகளை ஒட்டியே செல்வதால், இங்கே ஏற்படும் பாதிப்பு பின்னாளில் கால் தசைகள் இறுகிப்போகும் பெருமூளை வாதமாக வெளிப்படுவதுண்டு.

உச்சிக்குழி வழியே ஒரு பார்வை

குழந்தையின் உச்சந்தலையில் எலும்பு மூடாமல் மெத்தென்று இருக்கும் உச்சிக்குழி வழியே ஒலி அலைகளை அனுப்பி மூளையைப் பார்ப்பதுதான் தலை அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே வகை ஸ்கேன். கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்து வேண்டாம், குழந்தையை இடம் மாற்ற வேண்டாம். கருவியை இன்குபேட்டர் பக்கத்திலேயே கொண்டுவந்து சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

30 வாரமோ அதற்கு முன்போ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஸ்கேனை முதல் 7 முதல் 10 நாட்களுக்குள் ஒருமுறையும், 4 முதல் 6 வார வயதில் ஒருமுறையும், இயல்பாகப் பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தை மிகவும் சிறியதாகவோ நோயுற்றோ இருந்தால் முதல் மூன்று நாட்களிலேயே தொடங்கிவிடுவார்கள்.

ஏன் இத்தனை முறை? ரத்தக்கசிவு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வெண்பொருளில் வரும் நீர்க்கட்டிகள் அப்படித் தெரியாது. பாதிப்பு நேர்ந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே அவை ஸ்கேனில் தோன்றும். இன்னும் சில வாரங்களில் சுருங்கி மறைந்தும் போகலாம். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று அதோடு விட்டுவிட்டால், முக்கியமான பாதிப்பு கண்ணில் படாமலே போக வாய்ப்புண்டு.

ரத்தக்கசிவை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1978இல் லூ ஆன் பபீல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு அறிமுகப்படுத்தியது. செல்கள் உற்பத்தியாகும் அந்தப் பகுதிக்குள்ளேயே கசிவு நின்றுவிட்டால் முதல் நிலை. நீர் அறைக்குள் ரத்தம் இறங்கி, அறை விரிவடையாமல் இருந்தால் இரண்டாம் நிலை. அறை விரிந்துவிட்டால் மூன்றாம் நிலை. அருகிலுள்ள மூளைத் திசுவிலும் ரத்தம் பரவியிருந்தால் நான்காம் நிலை.

'மூளையில் ரத்தக்கசிவு' என்று கேட்டதும் எந்தப் பெற்றோருக்கும் மனம் பதறும். எந்த நிலை என்று கேட்பதுதான் அப்போது முதலில் செய்ய வேண்டியது. முதல் இரண்டு நிலைக் கசிவு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர், கசிவே வராத அதே வாரக் குழந்தைகளோடு ஏறக்குறைய ஒத்து வளர்கிறார்கள். மூன்றாம், நான்காம் நிலைகளில்தான் பெருமூளை வாதத்துக்கான வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. அங்கேயும் கசிவு ஒரு பக்கமா இரு பக்கமா, எவ்வளவு இடத்தில் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இந்தக் குழந்தைகளுக்கு மூளை நீர் வடியாமல் தேங்கவும் கூடும் என்பதால் தலைச் சுற்றளவை அடிக்கடி அளந்து குறித்துவைப்பார்கள். நீர் அதிகமாகத் தேங்கினால் அதை வடிக்க அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மின் அலைகள் சொல்வது

ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டுகிறது. மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அதன் மின் அலைகள் வழியே காட்டுவது ஈ.ஈ.ஜி. முழு ஈ.ஈ.ஜி.க்குத் தலை முழுவதும் பல மின்முனைகளை ஒட்ட வேண்டும். அதைப் படித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற நிபுணரும் வேண்டும். நாள் முழுக்கக் கண்காணிக்க அது தோதுப்படாது. அதனால் ஓர் எளிய வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு முதல் நான்கு மின்முனைகள் போதும். பல மணி நேரத்துப் பதிவைச் சுருக்கி, கட்டிலருகே உள்ள திரையில் ஒரு பட்டையாகக் காட்டிவிடும். 1960களின் பிற்பகுதியில் லண்டனில் டக்ளஸ் மேனார்டும் பமேலா பிரையரும் இதைப் பெரியவர்களுக்காக உருவாக்கினார்கள். 1980களில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்து மருத்துவர்கள் அதைப் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

25 வாரத்தில் பிறந்த குழந்தையின் மின் அலைகள் தொடர்ச்சியாக இருக்காது. சில நொடி வேகமான துடிப்பு, பிறகு சில நொடி அமைதி என்று விட்டுவிட்டு வரும். பெரியவர் ஒருவருக்கு இப்படி இருந்தால் ஆபத்து. இந்தக் குழந்தைக்கு அதுதான் இயல்பு. வாரங்கள் செல்லச் செல்ல இடைவெளி குறுகிக்கொண்டே வரும். சுமார் 30 வாரத்தில் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வருவது பட்டையில் தெளிவாகத் தெரியத் தொடங்கும். வயதுக்கு ஏற்ற இந்த மாற்றம் முதல் சில நாட்களிலேயே தென்பட்டால் நல்ல அறிகுறி. பல நாட்களாகியும் அலைகள் தாழ்ந்தே கிடந்தால் மருத்துவர்கள் கவனமாவார்கள். வலி தெரியாமலிருக்கவும் வலிப்பை அடக்கவும் கொடுக்கும் மருந்துகளும் அலைகளைத் தாழ்த்தும் என்பதால் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கருவி அதிகம் கைகொடுப்பது வலிப்பைக் கண்டுபிடிக்கத்தான். பச்சிளம் குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெரியவர்களைப் போலக் கை கால் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பல வலிப்புகள் உடலில் எந்த அசைவும் இல்லாமல் மூளைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் அனுபவமிக்க செவிலியருக்கும் தெரியாது. மின் அலைப் பதிவு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நெற்றியில் ஒட்டும் ஒளிப்பட்டை

டார்ச் விளக்கை உள்ளங்கைக்கு அடியில் வைத்தால் கை சிவப்பாக ஒளிரும் அல்லவா? சிவப்பு நிறத்தை ஒட்டிய ஒளி திசுவுக்குள் ஓரளவு ஊடுருவும் என்பதற்கு அது சாட்சி. அதற்கு அடுத்த, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் இறங்கிய ரத்தமும் இந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியை அளந்து மூளைத் திசுவில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று கணக்கிடலாம். 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர் இந்த வழியைக் காட்டினார். குழந்தையின் மண்டையோடு மெல்லியது என்பதால் இந்த முறை அவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

விரலிலோ பாதத்திலோ மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 92 சதவீதம் என்று காட்டலாம். ஆனால், மூளைக்குப் போகும் ரத்தமே குறைந்திருந்தால் அது அந்த எண்ணில் தெரியாது. நெற்றிப்பட்டை அதைக் காட்டும். குறைமாதக் குழந்தையின் மூளையில் இந்த அளவு 55 முதல் 85 சதவீதத்துக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்று வைத்துக்கொண்டார்கள். 55க்குக் கீழே போனால் ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறதா, செயற்கைச் சுவாசத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிட்டதா, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

கேட்பதற்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடித்து உடனே சரிசெய்தால் மூளை பிழைக்க வேண்டும் அல்லவா? இதைச் சோதிக்க டென்மார்க்கின் கோபன்ஹேகனை மையமாகக் கொண்ட ஒரு குழு இரண்டு கட்டமாக ஆய்வு செய்தது. முதலில் 166 குழந்தைகள். 2015இல் வந்த அந்த முடிவு நம்பிக்கை தந்தது: பட்டையைப் பார்த்துச் சிகிச்சை தந்த குழந்தைகளுக்கு, மூளையில் ஆக்சிஜன் அளவு எல்லை தாண்டி இருந்த நேரமும் அளவும் சேர்ந்த சுமை பாதிக்கும் கீழே குறைந்தது. கருவி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது பெரிய ஆய்வு. 17 நாடுகளில் 70 மருத்துவமனைகள், 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகள். பாதிப் பேருக்கு முதல் 72 மணி நேரமும் ஒளிப்பட்டையின் வழிகாட்டுதலில் சிகிச்சை. மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2023இல் வெளியான முடிவில், இறப்போ கடுமையான மூளைப் பாதிப்போ நேர்ந்த குழந்தைகள் முதல் பிரிவில் 35.2 சதவீதம், இரண்டாம் பிரிவில் 34.0 சதவீதம். அதாவது எந்தப் பயனும் காணப்படவில்லை.

இந்த முடிவிலிருந்து மருத்துவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணைச் சரிசெய்வது வேறு, குழந்தையின் விளைவைச் சரிசெய்வது வேறு. எண் இறங்குவதற்கான காரணம் பிறப்பதற்கு முன்பே இருந்த நோய்த்தொற்றாக இருக்கலாம். எண்ணைச் சரிசெய்யக் கொடுத்த மருந்துக்கே பக்கவிளைவு இருக்கலாம். எனவே, இந்தக் கருவி தங்கள் மருத்துவமனையில் இல்லையே என்று பெற்றோர் வருந்தத் தேவையில்லை. தினமும் நடக்கும் கவனமான பராமரிப்பின் இடத்தை அது பிடித்துவிடவில்லை.

எம்.ஆர்.ஐ. எதிர்காலத்தைக் காட்டுமா?

இயல்பாகப் பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி எடுக்கும் எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்டைவிட மிக நுணுக்கமாக மூளையைக் காட்டும். 30 வாரமோ அதற்கு முன்போ பிறந்த 167 குழந்தைகளிடம் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு வெண்பொருளில் மிதமான அல்லது கடுமையான மாற்றம் இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு வயதில் உடல் இயக்கத்திலும் அறிவுத் திறனிலும் பின்னடைவு வரும் வாய்ப்பு தெளிவாகவே அதிகமாக இருந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் எடுத்துவிடலாமே? லண்டனில் 33 வாரத்துக்கு முன் பிறந்த 511 குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எம்.ஆர்.ஐ. முடிவையும் மற்றதற்கு அல்ட்ராசவுண்ட் முடிவையும் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. முடிவைக் கேட்ட தாய்மாரின் பதற்றம் சிறிதளவு குறைந்தது, அவ்வளவுதான். குழந்தையின் பிற்கால நிலையை முன்கூட்டிச் சொல்வதில் அது பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பும் 2015இல் சொல்லியது. அல்ட்ராசவுண்டில் பாதிப்புத் தெரிந்தாலோ, உடல் பரிசோதனையில் சந்தேகம் இருந்தாலோ எடுப்பதில் அர்த்தம் உண்டு. நன்றாக இருக்கும் ஒரு எம்.ஆர்.ஐ., கடுமையான பெருமூளை வாதம் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று ஆறுதல் தரும். பள்ளியில் கணக்கு எப்படிப் போடும், கவனம் சிதறுமா என்பதையெல்லாம் அது சொல்லாது.

உண்மையில் மூளையைக் காப்பவை எவை?

ஆய்வுகளில் நிரூபணமான பாதுகாப்புகள் பெரும்பாலும் விலை குறைந்தவை, எளியவை என்பது இத்துறையின் வியப்பான உண்மை.

குறைப்பிரசவம் வரும் என்று தெரிந்ததும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துவதோடு மூளை ரத்தக்கசிவையும் குறைக்கிறது. 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் காட்டிய வழி இது. 32 வாரத்துக்கு முன் பிரசவம் நேரும் நிலையில் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால், குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவை இரண்டும் குழந்தை பிறப்பதற்கு முன்பே நடக்க வேண்டியவை. எனவே, வலியோ நீர்க்கசிவோ முன்னதாகத் தெரிந்தால் நேரம் கடத்தாமல், பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோவதே குழந்தையின் மூளைக்குச் செய்யும் முதல் உதவி.

மூச்சு நின்று நின்று வரும் சிறு குழந்தைகளுக்குத் தரும் கஃபீன் மருந்து இன்னொன்று. 2,006 குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில், கஃபீன் பெற்ற குழந்தைகளில் 4.4 சதவீதத்துக்கும் பெறாதவர்களில் 7.3 சதவீதத்துக்கும் பெருமூளை வாதம் வந்தது.

கங்காரு பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது இது. தாயின் வெறும் மார்பில் குழந்தையை நிமிர்த்திச் சாய்த்துக் கட்டிவைத்து, தாய்ப்பாலும் கொடுக்கிறார்கள். இந்தியா உள்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12.0 சதவீதம், குழந்தையின் நிலை சீரான பிறகு தொடங்கிய பிரிவில் 15.7 சதவீதம். பொகோட்டாவில் அப்படி வளர்ந்த குழந்தைகளை 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களிடம் பள்ளிக்கு வராமல் போவதும் துடுக்கும் ஆக்ரோஷமும் குறைவாக இருந்தன. தாய்க்கு முடியாதபோது தந்தையும் பாட்டியும் இதைச் செய்யலாம்.

வயதை எப்படிக் கணக்கிடுவது?

28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முன்னதாக வந்துவிட்டது. அதற்கு இப்போது ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் அதன் வயது மூன்று மாதம்தான். இதைத் திருத்திய வயது என்கிறார்கள். குப்புற விழுவது, தலை நிற்பது, உட்காருவது, மழலை பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்த வயதை வைத்தே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வரும் பாதிக் கவலை இந்தக் கழித்தலிலேயே தீர்ந்துவிடும். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கில்தான் போட வேண்டும்.

பார்த்தே கண்டுபிடிக்கும் மருத்துவம்

பெருமூளை வாதத்தை இரண்டு வயதுக்குப் பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது திருத்திய வயது ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம் என்று 2017இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு வழிகாட்டியது. அதற்கு எம்.ஆர்.ஐ.யோடு இன்னும் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, நரம்பியல் உடல் பரிசோதனை. மற்றொன்று, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் பிரெக்டல் கண்டறிந்த அசைவுப் பரிசோதனை. திருத்திய வயது மூன்று முதல் ஐந்து மாதத்தில், மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை விழித்துச் சந்தோஷமாக இருக்கும்போது கழுத்து, தோள், மணிக்கட்டு, கால் எல்லாம் சின்னச் சின்னதாக, ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். இந்த நெளிவு அசைவு அறவே இல்லை என்றால் அது முக்கியமான எச்சரிக்கை. சில நிமிட வீடியோ போதும். பயிற்சி பெற்றவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இதிலிருந்து விலகிய ஓர் உண்மையையும் நினைவில் வைக்க வேண்டும். சிறு வயதுப் பரிசோதனைகளின் மதிப்பெண்கள் நிரந்தரமானவை அல்ல. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 20 மாதத்தில் அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர்கள் என்று கணக்கிடப்பட்டோர் 39 சதவீதம். அதே குழந்தைகளை எட்டு வயதில் சோதித்தபோது அப்படிப்பட்டோர் 16 சதவீதம்தான்.

மறுபக்கமும் உண்டு. மிகவும் முன்னதாகப் பிறந்த பிள்ளைகளின் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண், நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிடச் சுமார் 11 முதல் 13 புள்ளி குறைவு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. சராசரி என்பதால் அதற்கு மேலும் கீழும் பலர் இருப்பார்கள். நடை, பேச்சு எல்லாம் சரியாக வந்த பிள்ளைக்கும் பள்ளியில் கணக்கு சிரமமாகலாம். கவனம் நிலைக்காமல் போகலாம். பொத்தான் போடுவதும் எழுதுவதும் தடுமாறலாம். இது சோம்பேறித்தனம் அல்ல என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததைப் பள்ளியில் சேர்க்கும்போதே சொல்வது நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எல்லாமே திருத்திய வயதுக் கணக்கில்: நான்கு மாதத்துக்குப் பிறகும் கை விரல்களை எப்போதும் இறுக்கி மூடியே வைத்திருப்பது, தூக்கி உட்கார வைக்கும்போது தலை பின்னால் தொங்குவது, ஆறு மாதத்துக்கு மேல் கால்கள் விறைத்துப்போய் டயப்பர் மாற்றவே சிரமமாக இருப்பது, ஒன்பது மாதமாகியும் பிடிமானம் இல்லாமல் உட்காராதது. ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டிப் பொருளை எடுத்தால் 'இவன் இடக்கைப் பழக்கக்காரன்' என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். அந்த வயதில் இரு கைகளும் சமமாகத்தான் வேலை செய்ய வேண்டும். மற்ற கை பலவீனமாக இருக்கக்கூடும்.

மூளை நன்றாக இருந்தும் கண்ணும் காதும் சரியில்லை என்றால் வளர்ச்சி தடைபடும். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு அது இரண்டு, மூன்று வாரத்திலேயே. இந்தத் தேதி தவறினால் தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு நேரலாம். கேட்கும் திறன் பரிசோதனையும் வீட்டுக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வளர்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பதற்கு விலை உயர்ந்த ஏற்பாடு வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் உருவான 17 செயல்கள் கொண்ட எளிய அட்டவணையை வைத்து இரண்டு வயது வரையிலான குழந்தையைச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். 2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் அமைந்துள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கண், காது பரிசோதனை ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது இந்த ஐந்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தலை ஸ்கேன் எத்தனை முறை எடுத்தீர்கள், கடைசி ஸ்கேன் எப்படி இருந்தது? கசிவு இருந்தால் எந்த நிலை, எந்தப் பக்கம்? வலிப்பு வந்ததா, அதற்கு மருந்து தொடர வேண்டுமா? விழித்திரை, காது பரிசோதனைகள் முடிந்தனவா? வளர்ச்சிப் பரிசோதனைக்கு முதலில் எப்போது வர வேண்டும்? இவற்றில் கடைசிக் கேள்விக்கான தேதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பிள்ளை பால் குடிக்கிறது, சிரிக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும் மாதங்களிலும் அந்தத் தேதிக்குப் போய் வாருங்கள். சிறு தாமதம் முதலில் கண்ணுக்குத் தெரிவதும், பயிற்சிக்கு மூளை அதிகம் இணங்கி வருவதும் அந்த மாதங்களில்தான்.